ஐந்து வீடும் நாலாம் நம்பரும்

ஹோம்ஸ்டே மேனேஜர் வேலை என்றால், சாவி யார் கையில் இருந்தாலும் திட்டு மட்டும் நம் காதுக்கு வந்து சேரும். லாட்ஜ், மண்டபம், மேன்ஷன் என்று எங்கேயாவது கவுன்ட்டரில் உட்கார்ந்து நொந்துபோனவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

எங்கள் இடம், திருவண்ணாமலையில் ஒரு பழைய கடலை எண்ணெய் மில்லின் லைன் வீடுகள். தொழிலாளர்களுக்காகக் கட்டியவை. ஆறு வீடு, ஒரே ஓட்டுக் கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். மில் மூடியபோது குடியிருந்தவர்களுக்கே வீடுகளை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு சென்னைக்காரர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, கிரிவலம் வருகிறவர்கள் தங்கும் அறைகளாக மாற்றினார். நாலாம் நம்பர் மட்டும் படியவில்லை. அதில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தனபால் அண்ணனும், சரோஜா அக்காவும், அவர்கள் மகளும் இருக்கிறார்கள். மற்ற ஐந்துக்கும் நான் மேனேஜர்.

படுத்திருந்தவர்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். மூன்றாம் நம்பரில் இருக்கும் என் ஆபீசில் சாவி வாங்கிக்கொண்டு ஐந்தாம் நம்பருக்குப் போக வேண்டியவர்கள், திறந்திருந்த நாலாம் நம்பருக்குள் பெட்டியோடு நுழைந்துவிட்டார்கள். தனபால் அண்ணன் லுங்கியோடு பாயில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து சட்டையைத் தேடியிருக்கிறார். அக்கா காபி போட ஓடியிருக்கிறார். குழந்தைகள் பாயில் குதிக்க ஆரம்பித்துவிட்டன.

காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அந்தக் குடும்பத் தலைவர் என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

"ரூம் நல்லாத்தான் இருக்குங்க மேடம். ஆனா உள்ள ஒருத்தர் இருக்காரு. அவரு ரூமோட சேர்த்தியா, தனியாங்களா?"

மௌன விரதம்

பெங்களூரிலிருந்து ஒருவர் மௌன விரதம் இருக்க வந்தார். ஐந்தாம் நம்பர் கொடுத்தேன். மறுநாள் காலை என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார். விரலைச் சுழற்றினார். ஃபேன் ஓடவில்லையா என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார். தலை சுற்றுகிறதா என்றேன். இல்லை. கிரிவலம் போக ஆட்டோ வேண்டுமா என்றேன். மனிதர் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டார். காதைப் பொத்திக் காட்டினார். காது வலிக்கு மருந்துக்கடை எங்கே இருக்கிறது என்று நான் வழி சொல்ல ஆரம்பித்ததும் பொறுக்க முடியாமல், "கிர்ர்ர்ர்" என்று கத்தியே விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் நின்றிருந்த சரோஜா அக்காவுக்கு மட்டும் அது சட்டென்று புரிந்துவிட்டது.

"கவிதா, அவரு என் மிக்ஸியத்தான் சொல்றாரு! தேங்கா இன்னும் அரைபடல, இன்னும் ஒரே ஒரு ஓட்டு ஓட்டிக்கிறேன்னு சொல்லு!"

கொத்தனார்

முதலாளிக்கு ஒரு நாள் யோசனை வந்தது. வருகிறவர்களுக்குப் பழமை பிடிக்கிறதாம். பூசின சுவரைக் கொத்திவிட்டு, செங்கல் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார். அதே வாரம் நாலாம் நம்பரில், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று உதிர்ந்த சுவருக்குப் பூச்சு வேலை நடந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே கொத்தனார்தான். ஒரு மதியம் அவர் கரண்டியோடு வந்து என் முன்னால் நின்றார்.

"காலைல அங்க பூசுறேன், மத்தியானம் இங்க கொத்துறேன். எனக்கே எந்த வீட்ல இன்னா பண்றேன்னு கொழம்புது மேடம். நீங்க ரெண்டு பேரும் வீட்ட மாத்திக்கக் கூடாதா?"

போன்

அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் முதலாளி போனில் வந்தார். கார்த்திகை தீபத்துக்குள் நாலாம் நம்பர் கைக்கு வராவிட்டால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து போகிற எனக்கு, இந்த ஊரில் இன்னொரு மேனேஜர் நாற்காலி சும்மா கிடைத்துவிடாது. அக்கா முகத்தைப் பார்த்து எப்படி வீட்டைக் கேட்பது என்று தெரியாமல், டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததும், சுவர் எப்பேர்ப்பட்ட சுவர் என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. அக்கா நேராக வந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார்.

"வேல போனா போவுது, எங்க வூட்டுக்கு மேனேஜரா வந்துடு. வேல கம்மிதான். அவர எழுப்பிவுடணும், அவ்ளோதான்."

வெள்ளைச் சட்டை

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, வீட்டை நேரில் பேசி முடிக்க முதலாளியே காரில் வந்தார். அன்றைக்கென்று எங்கள் மோட்டார் புகைந்துவிட்டது. மலை சுற்றி வந்தவர்கள் அத்தனை பேரும் புழுதிக் காலோடு நாலாம் நம்பர் பின்கட்டுக் கிணற்றடியில் நின்றிருந்தார்கள். தனபால் அண்ணன் ஹோஸ் பிடித்து ஒவ்வொரு காலாகக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். அக்கா உப்புமா தட்டு நீட்டினார். வெள்ளைச் சட்டையோடு முன்னால் போன முதலாளியை ஒரு அம்மா, "இன்னா சார், லைன் தெரியல?" என்று பின்னால் அனுப்பிவிட்டார். அவரும் வரிசையில் நின்று, கால் கழுவி, உப்புமா சாப்பிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்ட பிறகுதான் பேச்சை எடுத்தார். வீட்டை எப்போது கொடுக்கிறீர்கள் என்றார். அண்ணன் ஹோஸை மடக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"என் வூடு இருக்கட்டும் சார். பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சி, சொந்தக்காரங்க ஜாஸ்தி. நீங்க அந்த அஞ்சையும் எப்பக் குடுக்கிறீங்க?"

கல்யாணம்

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு வீட்டுப் பேச்சை விட்டார். தங்குகிறவர்களுக்குக் காலை டிபன் செய்து தர முடியுமா என்று அக்காவைக் கேட்டார். மிக்ஸியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற கண்டிஷனோடு அக்கா ஒத்துக்கொண்டார். என் வேலையும் தப்பியது.

கல்யாணத்துக்கு ஐந்து வீடும் அக்கா வகையறாவால் நிரம்பிவிட்டது. முதலாளி பட்டு வேட்டியில் வந்து, இரண்டு நாள் தங்கலாம் என்று பெட்டியை இறக்கினார். ஒரு ரூம் கூட இல்லை சார் என்றேன். "நான் ஓனர்மா!" என்றார் பரிதாபமாக. சந்தனத் தட்டோடு போய்க்கொண்டிருந்த அக்கா நின்றார்.

"ஓனரா இருந்தா இன்னாங்க, முன்னாடியே சொல்லி வெக்கணும் இல்ல? எங்க வூட்ல பாய் இருக்கு, வாங்க."

ஆக, நான் ஐந்து வீட்டுக்கு மேனேஜர், எனக்கும் என் முதலாளிக்கும் சேர்த்து மேனேஜர் நாலாம் நம்பரில் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கிறார்.