விளக்கை அணைத்த அறிவாளி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, நாத்தனாரின் வளைகாப்புக்குக் காரில் கிளம்பினோம். ஓட்டியது என் கணவர். பின் சீட்டில் நானும் ஏழு வயது மகளும். ஊரைத் தாண்டியதும் டயரில் காற்று குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது.

"என்னங்க, நிறுத்திப் பாருங்க" என்றேன்.

"இந்த வண்டி டயர்ல சென்சாரே கிடையாது. அதுக்கு எப்டித் தெரியும்? சும்மா பேஜார் பண்ணிக்கினு இருக்குது" என்று ரீசெட் பட்டனை அழுத்தினார். விளக்கு அணைந்தது. காரையே கண்டுபிடித்தவர் போல என்னை ஒரு பார்வை வேறு பார்த்தார்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு லாரியை முந்தும்போது பின் டயர் வெடித்தது. கார் லாரியை நோக்கிச் சறுக்கியது. மகளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். ஒரு முழம் இடைவெளியில் தப்பி, எப்படியோ ஓரமாக நின்றோம்.

உதவிக்கு வந்த டயர் கடைக்காரர் விளக்கினார். "காத்து கம்மியானா சக்கரம் கொஞ்சம் சின்னதாகி, மத்ததைவிட வேகமா சுத்தும் சார். பிரேக்குக்கான சென்சார் அதை வெச்சுதான் கண்டுபிடிக்குது. காத்து அடிச்சப்புறம்தான் ரீசெட் பண்ணணுங்க. நீங்க கம்மிக் காத்தையே சரின்னு வண்டிக்குச் சொல்லிட்டீங்க."

அப்போதும் அந்த மகான், "டயர் மட்டமான டயரு" என்றார். பக்கத்தில் மகள் நடுங்கிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

இப்போது கிளம்பும் முன் நான்கு டயரிலும் காற்றை நானே அளக்கிறேன். வழியில் விளக்கு எரிந்தால் வண்டி நிற்க வேண்டும். காற்றைப் பார்க்காமல் மேலே போகலாம் என்றால் நானும் மகளும் இறங்கி பஸ் பிடித்துவிடுவோம். அவர் தன் அறிவோடு தனியாக வரட்டும்.