எட்னா தட்டிப் பார்த்த சக்கரங்கள்

டெர்பியில், விமான இன்ஜின் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், எட்னா ராக்கின் வேலை சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பது. உயரே போகப் போகக் காற்று மெலியும். அதை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் சக்கரங்கள் அவை. துணி அடைத்த சிற்றறைக்குள் கயிற்றில் தொங்கவிட்டு, மரச்சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல சக்கரம் நெடுநேரம் ரீங்கரிக்கும். விரிசல் இருந்தால் ஓசை சட்டென்று செத்துவிடும். தேறியவற்றில் தன் எண்ணான 41-ஐப் பொறிப்பாள்.

வெளியே, சுவருக்கு அப்பால், நாள் முழுக்க இன்ஜின்களை முழு வேகத்தில் ஓட்டிச் சோதித்தார்கள். பட்டறையில் பேச்சும் சண்டையும் உதட்டைப் பார்த்துத்தான். அதனால், 1942 ஈஸ்டரிலிருந்து எட்னாவின் காது அடைந்துவந்தது யாருக்கும் தெரியவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கணவன் அட்லாண்டிக்கில் கப்பலோடு மூழ்கிப் போனபின் அந்த வீட்டில் பகலெல்லாம் தனியே உட்கார அவளால் ஆகாது. விரல் நுனியில் அதிர்வைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்தாள்.

செப்டம்பரில் பெரிய சக்கரம் வந்தது. ஜெர்மன்காரன் இன்னும் உயரத்தில் பறந்தான். அவனை எட்ட வேண்டியிருந்தது. கனத்த சக்கரம், நல்லதும் விரிசல் விட்டதும் விரலுக்கு ஒன்றுபோலவே அதிர்ந்தன. ஆனாலும் பொறித்தாள்.

தேறியவற்றில் பத்தில் ஒன்றை மட்டும் பட்டறைத் தோழி ஐவி ஃபெர்ன் இரும்புக் குழிக்குள் இறக்கி, அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் சுழற்றிப் பார்ப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை குழிக்குள் ஒன்று வெடித்தது. தேநீர் மேசைக்கு மேஸ்திரி சவுட்டர் ஒரு துண்டை எடுத்து வந்தார். அதில் 41.

"உன்னுதுதாண்டி. வெடிச்ச வெடியில என் பல்லு செட்டே எகிறிடுச்சு," என்றாள் ஐவி.

"விடும்மா, உலோகம் மட்டமா வந்திருக்கும். வெடிக்கத்தானே குழி," என்றார் சவுட்டர்.

"மத்த பெரிய சக்கரமெல்லாம் எங்க சார்?" என்று கேட்டாள் எட்னா.

"இன்ஜின்ல ஏத்தியாச்சு. அதான் நீ கேட்டுப் பாத்துட்டியே."

"இல்ல சார். எனக்குக் காது கேக்கல."

ஐவி சிரித்தாள். "மாமியார் கூப்பிட்டா எனக்குந்தான் கேக்காது."

"ஈஸ்டர்லேர்ந்து," என்றாள் எட்னா.

ஐவியின் சிரிப்பு நின்றது. சவுட்டர் துண்டை மெல்லக் கீழே வைத்தார்.

"பெரிய சக்கரம் மொத்தம் எத்தனை?"

"எண்பத்தாறு. வெடிச்சதோட சேத்து."

அவர் திட்டவில்லை. தொலைபேசிக்கு ஓடினார். லாரிகள் பாதி வழியில் திரும்பின. அறுபத்தாறு சக்கரங்கள் கைக்குக் கிடைத்தன, பதினொன்றில் விரிசல். பத்தொன்பது ஏற்கெனவே விமானப் படைத்தளத்துக்குப் போய், விமானத்துக்கு ஒன்றாக ஏறியிருந்தன. அங்கே பதினான்கு விமானங்களைத் தரையிலேயே நிறுத்தினார்கள். ஐந்து அப்போது வானத்தில் இருந்தன.

மூன்று இறங்கின. இரண்டு கடலுக்கு மேல் எங்கோ காணாமல் போயின. சக்கரம் உடைந்ததா, எதிரி சுட்டானா என்று சொல்ல எதுவும் கரை ஒதுங்கவில்லை. விசாரணையில் இரண்டுக்கும் காரணம் தெரியவில்லை என்றே எழுதினார்கள்.

எட்னாவைக் கழிவு உலோகம் பிரிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை.