கொடுவாக் குஞ்சுகளுக்கு இரங்கிய கை

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்த நேரம். கற்பிட்டிப் பக்கம், கடல்நீர் புகுந்து நிற்கும் களப்போரமாக இருந்த ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கொடுவாக் குஞ்சுகளைத் தூள் தீனுக்குப் பழக்குவது என் பொறுப்பு.

பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது மாதிரியான வேலைதான் அது. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சு, உயிரோடு துடிக்கிற நுண்ணிய இறால் பூச்சிகளைத்தான் தேடித் தின்னும். அசையாத தூளை உணவென்றே எண்ணாது. அதனால் நன்றாகப் பசிக்க விட்டு, முதலில் தூளைத் தூவி, பிறகுதான் கொஞ்சம் உயிர்த்தீன் கொடுக்க வேண்டும். அதையும் நாளுக்கு நாள் குறைத்து நிறுத்திவிட வேண்டும். இடையில் இரக்கப்பட்டால் காரியம் கெட்டுவிடும்.

என்னோடு, வன்னியிலிருந்து வந்து குடியேறிய ஓர் அக்காவும் வேலை செய்தார். அதிகம் கதைக்க மாட்டார். நானோ வாய்க்காரி, அவருக்கும் சேர்த்து நானே கதைப்பேன். பின்னேரம் நான் வீட்டுக்குப் போனதும் ஒரு தொட்டியை அவர்தான் பார்த்துக்கொள்வார். முந்திய தடவை குஞ்சுகள் நோயில் அழிந்துபோயிருந்தன. இந்தத் தடவையும் செத்தால் எங்களில் ஒருவரை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

உயிர்த்தீனை முற்றாக நிறுத்தியபோது, மற்றத் தொட்டிகளில் குஞ்சுகள் தூளைப் பாய்ந்து தின்றன. அக்காவின் தொட்டியில் மட்டும் தூள் அப்படியே அடியில் படிந்தது. குஞ்சுகள் கறுத்து மெலிந்து தள்ளாடின. பெரியவை சின்னவற்றை விழுங்கின. பதறிப்போய் மறுபடி உயிர்த்தீன் போட்டுப் பார்த்தேன். அதைத் தின்னவும் அவற்றுக்குத் தெம்பில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தால், தொட்டி முழுக்கச் செத்து மிதந்தன. என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

முதலாளி வந்து என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். அக்கா முன்னால் வந்தார்.

"தங்கச்சியில பிழையில்லை முதலாளி. உயிர்த்தீனை நிப்பாட்டும் வரைக்கும் பின்னேரத்தில நான்தான் களவா அதைக் கூடக் குடுத்தனான். அதுதான் தூளைப் பழகேல்லை. வாயைத் திறந்துகொண்டு மேல மேல வந்ததுகள். பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு."

அவரை அன்றே நிறுத்திவிட்டார்கள். என் வேலை தப்பியது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இருவருமாகச் செத்த குஞ்சுகளை அள்ளிக்கொண்டிருந்தபோது, "எவ்வளவு சொல்லித் தந்தேன், ஏன் அக்கா இப்புடிச் செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அள்ளுவதை நிறுத்தவில்லை. "கடைசிச் சண்டைக்குள்ள என்ர சின்னவள் கஞ்சி வேண்டாம், பால்மா தா எண்டு அழுதவள். பால்மாவுக்கு நான் எங்க போறது? பசிச்சாக் குடிப்பாள் எண்டு விட்டிட்டன். கடைசி வரைக்கும் அவள் குடிக்கேல்லை தங்கச்சி."

வாளிகளைத் தூக்கிக்கொண்டுபோய் மணலில் குழி தோண்டிப் புதைத்தோம். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

இன்றும் அதே வேலைதான் செய்கிறேன். பசித்த குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். கெட்டித்தனம் ஒன்றுமில்லை; பசிக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் இல்லை நான், அவ்வளவுதான்.