தனியாக வீடு பார்க்க வந்தவர்

ஆரையம்பதியில் என் வீட்டை வாங்க வந்தவர், நான் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்கவேயில்லை. அப்போதே எனக்கு நெருடியது. எங்கள் பக்கம் வீட்டைப் பெண் பெயரில்தான் எழுதுவார்கள்; மனைவியோடுதான் பார்க்க வருவார்கள். இவரோ தனியாக வந்து, அறைகளை எட்டியும் பார்க்காமல் அடுப்படியை மட்டும் கைபேசியில் படமெடுத்தார். இவரை முன்னால் விட்டு வேறு யாரோ வாங்குகிறார்கள்!

“ஆருக்குத் தம்பி வாங்கிறீங்க? எனக்குச் சரிவராது, வேற வீடு பாருங்க,” என்றேன்.

அவர் தயங்கித் தயங்கிக் கைபேசியை என் பக்கம் திருப்பினார். “இவதான் அக்கா வாங்கிறா. என்ட மனிசி, குவைத்தில வீட்டு வேலை செய்யிறா.”

வீடியோ அழைப்பில் ஒரு பெண், யாருடைய அடுப்படியிலோ நின்றிருந்தாள்.

“அக்கா, அந்த யன்னலத் திறந்தா வாவிக் காத்து வருமா?”

நான் போய்த் திறந்தேன். காற்றில் என் சீலைத் தலைப்பு பறந்ததைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

வீடு அவளுக்கே போனது. இப்போதெல்லாம் யாராவது தனியாக வந்து நின்றால், கூட வரமுடியாமல் போனது யார் என்றுதான் முதலில் நினைக்கிறேன்.