அத்தான் கொண்டுவந்த பிரான்சு வயர்

எங்கள் ஊர்ப் பக்கம் ஷாக் அடித்தது என்று எடுத்த எடுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். "லேசா கூசுது" என்பார்கள். கொஞ்சம் பலமாக இருந்தால் "சுள்ளுங்குது". அதையும் தாண்டினால்தான் "கரண்டு கடிச்சிடுச்சி". இந்தப் பேச்செல்லாம் எனக்குப் பிடிக்கும். என் அக்கா அந்த "லேசா"வைச் சொன்ன அன்று மட்டும் பிடிக்கவில்லை.

அக்காவும் அத்தானும் வெகுகாலம் பிரான்சில் இருந்தவர்கள். அத்தானுக்குப் பட்டாளத்துப் பென்ஷன் வந்ததும் தலத்தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கப்பலில் வந்த சாமான்களில் துணி துவைக்கும் மெஷின் ஒன்று, அதற்குக் கரண்டு கொண்டுபோக நீள வயர் ஒன்று. நான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றால் அத்தான் திருத்துவார்: "ரலோன்ஜ்." கூடத்துச் சுவரில் சொருகிய ரலோன்ஜ், ஜன்னல் வழியாகப் பின்கட்டுக்குப் போகும். அங்கே குழாயடி, குழாயடியை ஒட்டி மெஷின். மிச்ச வயரைப் பட்டாளத்துக்காரர் அல்லவா, வட்டமாகச் சுருட்டி அழகாகக் கட்டி வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் நான் போனபோது, அக்கா வெறுங்காலோடு ஈரத்தில் நின்று மெஷினில் கை வைத்தாள். வைத்த கை வெடுக்கென்று பின்னால் வந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. லேசா கூசும். பழகிடுச்சி."

நான் கரண்டு வேலை படித்தவள் அல்ல. வீட்டில் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போய் எனக்குக் கற்றுக்கொடுத்தன, அவ்வளவுதான். நேரே கூடத்துக்குப் போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். உருண்டையாக இரண்டு கால்கள் மட்டும். நம் சுவரில் மேலே இருக்கும் பெரிய ஓட்டை, எர்த்து போகிற ஓட்டை, சும்மா கிடந்தது. அந்த நாட்டில் சுவரிலிருந்தே ஒரு கம்பி நீட்டிக்கொண்டு வந்து பிளக்குக்குள் நுழையுமாம்; எர்த்து அந்த வழியாகச் சேரும். இங்கே அந்தக் கம்பிக்கு எங்கே போவது? மெஷினில் கசிகிற கரண்டு மண்ணுக்கு இறங்க வழியில்லாமல் அக்காவின் உடம்பு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. சுருட்டிக் கட்டிய வயரோ, சூடு வெளியேற வழியில்லாமல், தொட்டால் சுட்டது.

"அத்தான், இதுல எர்த்து எங்க சேருது?" என்று கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டேன்.

"மச்சினி, இது கடைத்தெருவுல தொங்குற சாமான் இல்ல. அந்த ஊர்ல இத்தன வருஷம் ஓடியிருக்கு. யாரையும் கடிக்கல."

"அங்க சுவரும் அந்த ஊரு சுவரு. இங்க ரெண்டு கால்தான் உள்ள போவுது."

"நானும் ரெண்டு கால்லதான் நிக்கிறேன்."

என் பின்னாலேயே வந்திருந்த அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து சுவிட்சுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். யார் என்ன சொன்னாலும் அந்த மெஷின் இந்த வயரில் இனி ஓடக் கூடாது.

"என்ன, மறியலா?"

"ஆமா."

"துணி பாதியில ஊறிக்கிட்டுக் கெடக்கு."

"ஊறட்டும்."

அத்தான் முனகிக்கொண்டே துணியை எடுக்க எழுந்தார். பின்கட்டு வாசலில் அவர் கால் தானாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டது. அப்புறம்தான் மெஷினில் கை வைத்தார்.

"செருப்பு எதுக்கு அத்தான்?"

"ஈரமா இருக்குல்ல."

"எப்பவும் போட்டுக்கிட்டுத்தான் தொடுவீங்களா?"

அவர் குனிந்து துணியை வெளியே இழுத்தார். அக்கா செருப்பைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தை.

"அப்ப உங்களுக்கும் கூசியிருக்கு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட சொல்லலியே."

"எப்பவோ ஒரு தடவதான். நீ பயந்துக்குவேன்னு..."

"பயந்திருந்தா நானும் செருப்பு போட்டிருப்பேன்."

"செருப்பு காப்பாத்தும்னு நம்பாதக்கா," என்றேன். "இன்னைக்கிக் கூசுறது, உள்ள ஒரு வயரு கழண்டா ஆளையே புடிச்சிக்கும்."

அக்கா மெஷின் வயரை ரலோன்ஜிலிருந்து தன் கையாலேயே பிடுங்கினாள். அதன்பிறகு அந்த வீட்டில் எனக்கு வேலை இருக்கவில்லை; பேசியதெல்லாம் அவள்தான். எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். சுவரைத் திறந்து பார்த்தால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது. பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் ஏமாந்திருப்போம். புதிதாக எர்த்துக் குழி வெட்ட வேண்டும், மெஷினைக் குழாயடியிலிருந்து தள்ளி வைத்து, நடுவில் எந்த நீள வயரும் இல்லாமல் சுவரிலேயே பெரிய மூணு பின் பாயிண்ட் கொடுக்க வேண்டும் என்றார் அவர்.

குழிக்கு ஆள் வரும்வரை அத்தான் காத்திருக்கவில்லை. மறுநாள் நான் போனபோது கொல்லையில் முழங்கால் ஆழத்தில் நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆழமா வெட்டுங்க," என்றாள் அக்கா, கல்லில் துணியை அடித்தபடி.

எர்த்து சரியாகச் சேர்ந்ததைச் சோதித்துச் சொல்லும்வரை துவைப்பது கையால்தான் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பெட்ஷீட்டை அலசி முடித்ததும் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அத்தானைப் பார்த்தாள். அவர் குழியிலிருந்து ஏறி, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறு நுனியைப் பிடித்தார்.

"முறுக்குங்க."

முறுக்கினார்.