பேஸ்மென்ட் தீர்த்தம்

அந்த நாற்றம் இன்றும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. பியர்பொன்ட்ஸ் என்ற குளிர்நாட்டு ஊரில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். பனி உருகத் தொடங்கியதும் தரை மூலையில் ஊற்றுநீர் சேர வெட்டியிருந்த குழி நிரம்பி, கம்பளம் ஊறி, என் மெத்தைவரை ஈரம் ஏறியது. செருப்புக்குள் வழவழவென்று ஏதோ ஒட்டியது. மேலே ஹாலில் படுத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்கார அண்ணனிடம் கேட்டேன்.

"ஹோலுக்கு ஆக்கள் வந்து போறவை, தங்கச்சி." குனிந்து குழியிலிருந்து ஒரு கை அள்ளினார். "இது நிலத்தடித் தண்ணி. எங்கட ஊரில ஆறே இல்லை. கிணத்துத் தண்ணி குடிச்சுத்தான் வளந்தனாங்கள். ஒண்டும் செய்யாது."

அந்தக் கையாலேயே மீசையைத் தடவிக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தில் என் வேலையே இதுதான். எங்கோ ஒரு பாலைவனத்தில் ஓர் ஆறு மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரோடு கலக்கிறது. அங்கேயுள்ள கிணறுகளிலிருந்து தண்ணீர்ப் புட்டிகள் வரும். உப்பை அளந்து, இதில் ஆறு எவ்வளவு, நிலத்தடி நீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வேன். அங்கே அந்த ஆற்றுக்காக ஏங்குகிறார்கள். எனக்கோ ஓர் ஆறு படுக்கைக்கே வந்துவிட்டது. குழித் தண்ணீரையும் அளந்தேன். குளிர்காலத்தில் ஒருமுறை அளந்தபோது இருந்த உப்பில் கொஞ்சம்தான் மிச்சம். பெரும்பகுதி உப்பில்லாத ஆற்றுத் தண்ணீர்.

"ஆறு மண்ணுக்குள்ளயே வருதுண்ணே. இந்தச் சீசன்ல சாக்கடையும் அதுல கலக்குது," என்றேன்.

"ஆறோ?" அவர் முகம் மலர்ந்தது. "அப்ப கங்கை வீடு தேடி வந்திருக்கு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாமியறையில் அண்ணன் எல்லோருக்கும் செம்பிலிருந்து தீர்த்தம் கொடுத்தார். உள்ளங்கையில் விழுந்ததுமே என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. என் மெத்தையின் நாற்றம். துளசி போட்டும் அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய சின்ன மகள் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். தட்டிவிட்டேன்.

"சாமித் தண்ணியை ஏன் தட்டினனீர்?"

"அது குழித் தண்ணிண்ணே."

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், செம்பை வாங்கி முகர்ந்தார். டாய்லெட்டில் கொட்டினார். செம்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மகளின் கையையும் தேய்த்தார். பிறகு படுக்கையறைக்குப் போய் ஒரு தலையணையை எடுத்துவந்து கணவரின் கையில் கொடுத்தார்.

"நீங்கள் கீழ போய்க் கங்கைக் கரையில படுங்கோ. தங்கச்சி மேல படுக்கட்டும்."