குணம்: சுமார்

"என்ரை சைக்கிள் எங்கை, அண்ணை?"

சனிக்கிழமை காலையில் டயர் கடை வாசலில் சடகோபனின் தலை தெரிந்ததும் ஆனந்தராஜா கேட்கிற முதல் கேள்வி இது. சடகோபன் குதிகாலைச் சேர்த்து விறைத்து நிற்பார். "விசாரணை நடந்துக்கிட்டிருக்கு சார்" என்பார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி.

அந்தச் சைக்கிள் ஆனந்தராஜாவின் நெஞ்சுக்குள் இருபது வருசமாக ஓடுகிறது. இந்தியப் பட்டாளம் யாழ்ப்பாணத்தில் நின்ற காலம். கொண்டாவில் சென்றியில், பட்டாளத்துக் காவலரணில், இறங்கி உருட்டு என்றார்கள், உருட்டினான். சாத்திவிட்டு நடந்து போ என்றார்கள், நடந்தான். பின்னேரம் திரும்பி வந்து பார்த்தால் சாத்தின மதில் மட்டும் நின்றது. எடுத்தது பட்டாளமா, இயக்கப் பெடியளா, பக்கத்து வளவுக்காரனா என்று இன்றுவரை தெரியாது. தெரியாதபடியால் பட்டாளத்தின் தலையில் போட்டுவிட்டான். மெல்பேர்ன் வந்து, லாவெர்ட்டனில் கடை திறந்து, ஊரில் உள்ள கார்களுக்கெல்லாம் நாலு நாலாகச் சக்கரம் பூட்டிவிட்ட பிறகும் அந்த இரண்டு சக்கரத்தை விட மனம் வரவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கோபத்தில் மட்டும் மேல்படிப்புப் படித்தான்.

பட்டாளத்தின் சார்பில் பதில் சொல்ல அவன் கைக்கு அகப்பட்ட ஒரே ஆள் சடகோபன்.

சடகோபனுக்கு வேலூர்ப் பக்கம். பட்டாளத்தில் சமையல்காரர், நாயக் என்ற சின்னப் பதவி. பக்கத்துப் பொயிண்ட் குக்கில் மகள் கிரிஜாவோடு இருக்கிறார். கார் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, டயர் கடைக்கு வர ஒரு காரணமும் கிடையாது. முதல் தடவை மகளின் காருக்குப் பஞ்சர் ஒட்ட வந்தார்கள். மகள் போனில் கதைத்து முடிப்பதற்குள் இவர் வெளியே குவிந்து கிடந்த பழைய டயர்களைப் பெரியது வலப்பக்கம், சின்னது இடப்பக்கம் என்று அணிவகுத்து நிறுத்திவிட்டார். "லைன் கோணலா இருந்தா எனக்கு சோறு எறங்காது தம்பி." அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்துவிடுகிறார், கோணலை நிமிர்த்த.

பார்த்தால் பட்டாளம்தான். சப்பாத்தில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். மீசைக்கு மட்டும் மை, தலை அதன் போக்கில் வெள்ளை. பொயிண்ட் குக்கில் தமிழ்ப் பிள்ளைகள் "மேஜர் அங்கிள்" என்று கூப்பிட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். "மேஜரா? நான் மேஜருக்கு ரசம் ஊத்துனவன் கண்ணு." இன்னொரு பழக்கமும் உண்டு. தேநீரை நின்றுகொண்டுதான் குடிப்பார். ஆனந்தராஜா எத்தனை தடவை கதிரையை இழுத்துப் போட்டாலும் ஒரே பதில்: "உக்காந்து டீ குடிச்சித்தான் தம்பி நான் கெட்டேன்."

கெட்டது உண்மை. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் குணம் என்று ஒரு கட்டம். அதில் இங்கிலீஷில் ஒரு சொல். சடகோபன் அதைத் தமிழில் 'சுமார்' என்று சொல்லுவார். "இட்லி எப்பிடின்னு கேட்டா சொல்ற பதில் அது. மனுசனுக்குப் போட்டுட்டான்." அந்தச் சொல்லை மாற்றக் கேட்டுத் தில்லிக்கு மனுவுக்கு மேல் மனு. "பிரமாதம்னு போடச் சொல்லல. போட்டா என் சம்சாரம் படத்துக்குள்ள இருந்தே சிரிப்பா. 'நல்லவன்'னு போட்டா போதும்."

காரணம் ஏப்ரல் மாதம். அன்சாக் நாளில் நகரத்தில் பழைய படைவீரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு நடப்பார்கள். இந்தியப் பட்டாளத்தில் இருந்தவர்களும் ஒரு அணியாக நடப்பார்கள். அந்த அணியைத் திரட்டுகிறவர் ஓய்வுபெற்ற சுபேதார் கல்யாணசுந்தரம். வருசா வருசம் சடகோபனுக்குப் போன் போடுவார். வருசா வருசம் சடகோபனுக்கு அந்த வாரம் முட்டி வலிக்கும். ஒரு வருசம் வலது முட்டி, மறு வருசம் இடது. அணிவகுப்பை டிவியில் காட்டி முடிக்கிறவரை அதே முட்டியோடு விறைப்பாக நின்று பார்ப்பார் என்று கிரிஜா சொல்லியிருக்கிறாள்.

"புத்தகத்தை ஒருத்தரும் கேக்கப்போறதில்லை அண்ணை. போய் நடவுங்கோவன்."

"கேக்கமாட்டாங்க தம்பி. அதான் கஷ்டம். கேட்டா ஒரு பொய்யாச்சும் சொல்லலாம். கேக்காதவங்ககிட்ட எப்பிடிப் பொய் சொல்றது?"

"அப்பிடி என்னதான் செய்தனியள்?" என்று ஒரு மழை நாளில், கடையில் ஈ காக்கை இல்லாத நேரம், ஆனந்தராஜா கேட்டேவிட்டான். சடகோபனும் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் முகாம். ஏதோ பண்டிகை, சமைக்கப் பெரிய பாத்திரம் போதவில்லை. பக்கத்து வீட்டில் போய் ஒரு அண்டா இரவல் கேட்டார். தமிழில் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். மறுநாள் சாம்பல் போட்டு மினுக்கித் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டவருக்குக் கால் எழும்பவில்லை. இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அவர் வீட்டில் வழக்கமில்லை. நம்மில் யார் வீட்டில் வழக்கம்? ஒரு பிடி அரிசி, கொஞ்சம் சர்க்கரை, ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். சடகோபன் கையில் இருந்தது பட்டாளத்துப் பருப்பு. அள்ளிப் போட்டார். அனுமதி கேட்காமல் முகாமை விட்டு இறங்கி நடந்தார். அந்த வீட்டு அம்மா கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். உட்கார்ந்தார். ரோந்து வந்த அதிகாரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது, சிப்பாய் கால்மேல் கால் போட்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அரசாங்கப் பருப்பு, அண்டா நிறைய.

"சாப் மேல தப்பே இல்ல தம்பி. அவர் எடத்துல நான் இருந்தா என்னையே சுட்டிருப்பேன். லீவு முடிஞ்சி லேட்டா போன கணக்கு வேற பழைய பாக்கி இருந்திச்சி. எங்க ஊர்ல குண்டடி பட்டு வந்தவன் இருக்கான், பனியில வெரலு போயி வந்தவன் இருக்கான். பருப்பால வந்தவன் நான் ஒருத்தன்தான்."

ஆனந்தராஜா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த லீவர் கீழே விழுந்தது. "யாற்றை கிடாரம் அண்ணை அது?" அண்டாவுக்கு அவன் ஊரில் கிடாரம் என்று பேர்.

"பேரு வெட்டியிருந்திச்சி. ஞானம்மாள்னு. பக்கத்துல ஒரு மயிலு."

சிரிப்பு நின்றது. மயில் வெட்டின கிடாரத்தைக் கொண்டாவிலில் தெரியாத ஆள் யார்? அந்தப் பக்கத்துக் கலியாணம் எல்லாவற்றுக்கும் அதில்தான் சோறு. ஆனந்தராஜாவின் அக்கா கலியாணத்துக்கு அதை மாட்டுவண்டியில் ஏற்றி வந்ததே அவன்தான். அந்த ஞானம்மாள் அன்ரி இப்போது இதே மெல்பேர்னில், நோபல் பார்க்கில் மகனோடு இருக்கிறார். போன கிழமை கோயிலில் கண்டு கதைத்தவன்.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. சைக்கிளைத் தராத பட்டாளத்துக்குக் கிடாரத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதா? அடுத்த சனிக்கிழமையும் மூடின வாய் மூடினபடி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் புதுசு, கோபம் பழசு, பழசுக்குத்தானே மரியாதை.

அதற்கடுத்த சனிக்கிழமை கடையில் நிற்கும்போதே சடகோபனின் போன் அடித்தது. கல்யாணசுந்தரம். "நமஸ்தே சாப்... வரணும்னுதான் சாப்... முட்டி சாப், இந்த வாட்டி ரெண்டும்." சொல்லிக்கொண்டே ஒரு லொறி டயரை முட்டியால் தள்ளி வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். போனை வைத்தவர் டயர்ப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது.

மறுநாள் ஆனந்தராஜா நகரத்தைத் தாண்டி நோபல் பார்க் போனான்.

ஞானம்மாள் அன்ரி முழுக்கதையையும் கேட்டார். "ஓம், அந்தப் பொடியன். தங்கமான பொடியன். என்ரை வீட்டு முத்தத்திலையிருந்துதான் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றார். பிறகு சொன்னார்: "அந்த நாளையிலை இரவல் போய்த் திரும்பி வந்தது அந்தக் கிடாரம் ஒண்டுதான், ராசா. மற்றது ஒண்டும் வரேல்லை."

மகன் இங்கிலீஷில் எழுதினார்: பாத்திரம் என்னுடையது, வெறுமையாகத் திருப்பித் தராதது எங்கள் வழக்கம், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. இந்த நாட்டில் சத்தியக் கடதாசிக்கு மருந்துக்கடைக்காரரே சாட்சி வைக்கலாம், பார்மசியில் காட்டிக் கையெழுத்து வைத்தார்கள். குறை இல்லை என்ற இடத்தில் மட்டும் அன்ரி பேனையைத் தூக்கிப் பிடித்தார். "பருப்பை அவங்கள் திருப்பி அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள். வெறுங் கிடாரம்தான் எனக்கு மிஞ்சினது. அதையும் அவரிட்டைச் சொல்லு." வரும்போது ஒரு எவர்சில்வர் டப்பாவில் எள்ளுருண்டை தந்துவிட்டார். டப்பாவின் அடியிலும் ஒரு மயில்.

சடகோபன் எள்ளுருண்டையை நின்றபடி தின்று தீர்த்தார். கடிதம் தில்லிக்குப் போனது. டப்பா திரும்பிப் போகவில்லை. "என்ன அண்ணை, அன்ரியின்ரை டப்பா?" என்று ஆனந்தராஜா கேட்பான். "என்னத்தப் போட்டுக் குடுக்கறதுன்னு யோசனை பண்ணிக்கிட்டிருக்கேன் தம்பி. போன வாட்டி யோசிக்காம போட்டதுதானே." ஏப்ரலும் வந்து, முட்டியும் வலித்துப் போய்விட்டது.

போன சனிக்கிழமை சடகோபன் வந்தபோது ஆனந்தராஜா "என்ரை சைக்கிள்" என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த காகிதம் வந்தது. மனுவைப் பார்த்தார்களாம், மாற்ற இடமில்லையாம்.

"சுமார்லயே நெலச்சிட்டேன் தம்பி."

சொல்லிவிட்டு வாடிக்கையாளர் கதிரையைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனந்தராஜாவுக்குத் தேத்தண்ணிக் கோப்பையை எங்கே நீட்டுவது என்று ஒரு கணம் பிடிபடவில்லை. எப்போதும் நெஞ்சு உயரத்தில் நீட்டிப் பழகின கை. சடகோபன் வாங்கி, கால்மேல் கால் போட்டு, மெதுவாகக் குடித்தார். வெளியே டயர்கள் கோணிக்கொண்டு நின்றன. எழுந்து போகவில்லை.

"அப்ப, வாற ஏப்ரல்?"

"முட்டி..." என்று தொடங்கியவர் காலை இறக்கி, துணிப்பையில் இருந்து அந்த டப்பாவை எடுத்தார். இரண்டு கையாலும் எடுத்தார், கனமாக இருந்தது. மூடியைத் திறந்து காட்டினார். விளிம்புவரை பருப்பு.

"அந்த அம்மாகிட்ட குடுத்துடு தம்பி," என்றார். "வழியில எவனாச்சும் நிறுத்தி, ஏது இதுன்னு கேட்டா, நாயக் சடகோபன் குடுத்தான்னு பேரைச் சொல்லு."